கார் ஏசியில் பெட்ரோலை மிச்சம் பிடிப்பது எப்படி? வடசென்னையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு முழு வழிகாட்டி

திருவொற்றியூர் தேரடியிலிருந்து பாரிமுனை 10 கிலோமீட்டர்கூட வராது. போன கத்திரியில் ஒரு நாள் மத்தியானம், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, அந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஏசி முழுசாக ஓடிக்கொண்டே இருந்தது. இறங்கும்போது பார்த்தால் அந்தப் பயணத்தின் மைலேஜ் 8ஐத் தொடவில்லை. அதே கார், அதே ஏசியோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நெல்லூர் பக்கம் போய் வந்தபோது 17 கொடுத்தது.

வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. ஏசி கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று குடிப்பதில்லை, மணிக்கு இவ்வளவு என்று குடிக்கிறது. இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வெளியூர்க்காரர்கள் எழுதும் ஏசி டிப்ஸ் பெரும்பாலும் நெடுஞ்சாலையை நினைத்து எழுதியவை. நம் பக்கத்தில் வண்டி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம். அதனால் இங்கே கணக்கை வேறு மாதிரி போட வேண்டும்.

முதலில், பெட்ரோல் எங்கே போகிறது?

காற்றை வீசும் ப்ளோயர் பேட்டரி கரண்டில் ஓடுகிறது. அதற்கு ஆகும் செலவு சொற்பம். பெட்ரோலைத் தின்பது கம்ப்ரசர். இன்ஜினோடு பெல்ட் போட்டு இணைத்திருப்பதால், அது சுற்றும்போதெல்லாம் இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்து ஏசியைப் போட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், இன்ஜின் ஒரு நொடி முனகும். கம்ப்ரசரின் காந்த கிளட்ச் பிடிக்கும் சத்தம் அது. உள்ளே போதுமான குளிர் வந்ததும் கிளட்ச் விட்டுவிடும், அப்புறம் மறுபடி பிடிக்கும். அது விட்டிருக்கும் நேரத்தை எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு மிச்சம். (சில புது வண்டிகளில் கம்ப்ரசர் விடாமல் சுற்றும், தேவைக்கேற்பத் தன் உழைப்பை மட்டும் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அங்கே இந்தச் சத்தம் கேட்காது.)

கணக்கைப் பார்ப்போம். சின்ன பெட்ரோல் காரில் ஏசிக்கு மணிக்கு 400 மில்லி கூடுதலாக ஆகிறது என்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் 80ல் போனால் 10 கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம். ஏசிக்கு 50 மில்லி, 5 ரூபாய். அதே 10 கிலோமீட்டரை தண்டையார்பேட்டை வழியாக முக்கால் மணி நேரத்தில் ஊர்ந்தால் 300 மில்லி, 30 ரூபாய். தூரம் அதேதான், செலவு 6 மடங்கு. கடும் வெயிலில் ஏசி போட்டால் மைலேஜ் 25 சதவீதத்துக்கு மேல்கூட விழலாம், குறிப்பாகக் குட்டிப் பயணங்களில், என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. நம் பயணமெல்லாம் குட்டிப் பயணம்தானே.

இதில் நம் ஊருக்கென்று இன்னொரு வினை உண்டு, கடற்காற்றின் ஈரம். ஏசி காற்றைக் குளிர வைத்தால் மட்டும் போதாது, அதிலுள்ள ஈரத்தையும் தண்ணீராக்கி வெளியே தள்ள வேண்டும். நிறுத்திய காருக்கு அடியில் சொட்டுவது அந்தத் தண்ணீர்தான். ராயபுரத்தில் 35 டிகிரி வெயிலில் உழைக்கும் ஏசிக்கு, உலர்ந்த ஊரில் அதே 35 டிகிரியில் இருப்பதைவிட வேலை அதிகம்.

(பக்கத்தில் மணலியில் 1969லிருந்து பெட்ரோல் சுத்திகரிக்கிறார்கள். அந்தப் புகை நமக்கு, விலையில் ஒரு பைசா சலுகை கிடையாது. சரி, விடுங்கள்.)

படி 1: நிறுத்தும் இடத்தில் தொடங்குங்கள்

வெயிலில் நிறுத்திய கார் ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட சராசரியாக 22 டிகிரி கூடுதலாகச் சூடாகும் என்று 2005ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் அளந்து சொன்னார்கள். அந்தச் சூட்டில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. அதாவது வெளியே 36 என்றால் உள்ளே 58. “அஞ்சு நிமிஷ வேலைதான்” என்று வெயிலில் விட்டுவிட்டு வங்கிக்குள் போனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைத்தால் போதும் என்பார்கள். அதே ஆய்வில் அதனால் பெரிய பலன் தெரியவில்லை.

நிழல்தான் வழி. ஆனால் வடசென்னையில் மரத்துக்கு எங்கே போவது? கட்டட நிழலை நம்ப வேண்டியதுதான். அதற்கு ஒரு சின்ன பூகோளம் தெரிந்திருக்க வேண்டும். சென்னையில் ஏப்ரல் கடைசியில் உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். மே, ஜூன் மாதங்களில் சூரியன் கொஞ்சம் வடக்கே தள்ளியே போகும். அதனால் கிழக்கு மேற்காக ஓடும் சந்துகளில் கோடை மத்தியானத்தில் நிழல் தேடிப் பயனில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலை மாதிரி தெற்கு வடக்காக ஓடும் தெருக்களில், அவற்றுக்கு இணையாக ஓடும் சந்துகளில் பாருங்கள். காலையில் நிறுத்தி மத்தியானத்துக்குள் எடுப்பதாக இருந்தால் கடல் பக்கத்துக் கட்டட ஓரம். மத்தியானம் நிறுத்தி மாலையில் எடுப்பதாக இருந்தால் அதற்கு எதிர்ப்பக்கம். முதலில் வெயிலில் நின்றாலும் பரவாயில்லை, நீங்கள் திரும்பி வரும் நேரத்தில் நிழல் இருக்க வேண்டும்.

நிழல் கிடைக்கவே இல்லையென்றால் முன் கண்ணாடியை வெள்ளி நிற மடிப்பு அட்டையால் மறையுங்கள். உள்ளே வரும் வெயிலில் பெரும்பகுதி அந்தப் பெரிய சாய்வுக் கண்ணாடி வழியாகத்தான் வருகிறது. டாஷ்போர்டு சூடேறிவிட்டால் அப்புறம் அரை மணி நேரம் அது அடுப்பு மாதிரி அனலை விட்டுக்கொண்டே இருக்கும். ஸ்டீயரிங் மேல் ஒரு துண்டு, ரெக்சின் சீட்டாக இருந்தால் அதன் மேலும் ஒரு பருத்தித் துணி. கறுப்பு ஃபிலிம் ஒட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் 2012ல் தடை போட்டது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி.

படி 2: ஏறியதும் ஏசியைத் தொடாதீர்கள்

58 டிகிரி காற்றைக் குளிர வைப்பதற்குப் பதில், அதை வெளியே தள்ளிவிட்டு 36 டிகிரி காற்றை உள்ளே விடலாம். இதற்குப் பெட்ரோல் செலவே இல்லை. இடப்பக்க முன் கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். அப்புறம் வலப்பக்கம் வந்து டிரைவர் கதவை விசிறி மாதிரி 5, 6 தடவை திறந்து மூடுங்கள். ஓங்கி அறைய வேண்டாம், முக்கால்வாசி மூடினால் போதும். எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக அனல் வெளியேறுவது கைக்குத் தெரியும். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எங்கள் தெருப் பையன்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது ஒருவன் அவன் அப்பாவின் வண்டிக்கு அதையே செய்கிறான்.

பிறகு நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, ப்ளோயரை மட்டும் போட்டு வண்டியை எடுத்துவிடுங்கள். ‘கொஞ்சம் குளிரட்டும், அப்புறம் போகலாம்’ என்று நின்ற இடத்திலேயே ஏசியை ஓடவிட்டுக் காத்திருப்பதுதான் பெட்ரோலுக்குப் பெரிய கேடு. நிற்கும் வண்டியில் கம்ப்ரசர் மெதுவாகத்தான் சுற்றும், முன்னால் இருந்து ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டன்சருக்கும் எதிர்க்காற்று கிடைக்காது. 10 நிமிடம் நின்று கிடைக்கும் குளிர், ஓடும்போது பாதி நேரத்தில் கிடைத்துவிடும்.

படி 3: முதல் 10 நிமிடம்

தெருமுனை தாண்டி, ஒன்றிரண்டு நிமிடம் ஓடியதும் ஏசியைப் போடுங்கள். அப்போது வெளிக்காற்று முறையிலேயே இருக்கட்டும், பின் கண்ணாடிகள் இரண்டு விரல் இறங்கியிருக்கட்டும். மேலே தேங்கியிருக்கும் சூட்டை ஏசிக் காற்றே தள்ளிவிடும். இன்னொரு நிமிடம் கழித்து எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, காருக்குள் அம்பு வளைந்து திரும்புகிற மாதிரி படம் போட்ட பட்டனை அழுத்துங்கள். ரீசர்குலேஷன் என்பது அதுதான். உள்ளே இருக்கும் காற்றையே ஏசி திரும்பத் திரும்பக் குளிர வைக்கும். ஒருமுறை ஈரத்தைப் பிழிந்தெடுத்த காற்று என்பதால் கம்ப்ரசருக்கு வேலை சட்டென்று குறையும். இந்த ஒரு பட்டனைச் சரியாகப் பயன்படுத்துவதில்தான் எங்கள் பக்கத்தில் அதிக மிச்சம் என்பது என் அனுபவம். லாரிப் புகை, காசிமேட்டு மீன் வாடை, மணலிப் பக்கத்துக் காற்று எதுவும் உள்ளே வராது என்பது உபரி லாபம்.

அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் வெளிக்காற்றை விடுங்கள். நான்கைந்து பேர் ஏறிய காரில் அதே காற்றையே மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் கொட்டாவி வரும், டிரைவருக்குக் கண் சொக்கும்.

படி 4: குளிர் வந்த பிறகு எதைக் குறைப்பது?

‘24ல் வையுங்கள்’ என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. 2020 ஜனவரியிலிருந்து வீட்டு ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. காருக்கு அது வண்டியைப் பொறுத்தது. இங்கே பலரும் தப்பு செய்கிறார்கள்.

டிகிரி எண் காட்டும் ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள வண்டியா? 24, 25ல் வைத்துவிட்டு அதன் போக்கில் விடுங்கள். 18ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது பிரமை.

கையால் திருப்பும் நீலம், சிவப்புக் குமிழ் உள்ள வண்டியா? பெரும்பாலான வண்டிகளில் அந்தக் குமிழ் கம்ப்ரசரைக் கட்டுப்படுத்துவதில்லை. சிவப்புப் பக்கம் திருப்பினால், ஏற்கெனவே குளிர வைத்த காற்றோடு இன்ஜின் சூட்டில் ஓடும் ஹீட்டர் காற்றைக் கலக்கிறது. அதாவது காசு கொடுத்துக் குளிர வைத்துவிட்டு, பிறகு சூடாக்கிக்கொள்கிறீர்கள். எனவே குமிழை நீலத்தின் கடைசியிலேயே விட்டுவிட்டு, ப்ளோயரை 4லிருந்து 2க்கோ 1க்கோ இறக்குங்கள். காற்றைக் குளிர வைக்கும் குழாய்ச் சுருளான கூலிங் காயில் மேல் போகும் காற்று குறைந்தால் காயில் சீக்கிரம் சில்லிட்டு, கிளட்ச் சீக்கிரம் விடும். அதற்கும் மேல் குளிர்ந்தால் ஏசி பட்டனையே அணைத்துவிட்டு, 3 நிமிடம் ப்ளோயர் மட்டும். அப்புறம் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

ஏசி வென்ட்டுகளை முகத்துக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்புங்கள். குளிர்ந்த காற்று தானாகக் கீழே இறங்கும், பின் சீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் போய்ச் சேரும். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கி டிக்கியில் வைத்துவிட்டு, அது கெட்டுப்போகக் கூடாதென்று ஏசியைக் கூட்டி வைக்கும் ஒரு மாமா எங்கள் குடும்பத்தில் இருக்கிறார். டிக்கிக்கு ஏசி போவதில்லை மாமா, 20 ரூபாய்க்கு ஐஸ் வாங்குங்கள்.

படி 5: நிற்கும்போது

நம் பெட்ரோல் உண்மையில் தொலைவது இங்கேதான். சின்ன பெட்ரோல் கார் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் ஆகும். ஏசியும் சேர்ந்தால் ஒரு லிட்டரை நெருங்கும். அப்போது நீங்கள் கடக்கும் தூரம் பூஜ்யம்.

ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். தெரிந்துகொள்வது எப்படி? சிக்னலில் எண் ஓடுகிறது, பார்த்துக்கொள்ளலாம். ரயில்வே கேட் போட்டுவிட்டால் யோசிக்கவே வேண்டாம். கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டிக்காக நின்று பழகியவர்களுக்கு அது எத்தனை பெட்டி என்று எண்ணி முடிக்க ஆகும் நேரம் தெரியும். எண்ணூர் விரைவுச் சாலை லாரி வரிசைக்கு எண்ணும் கிடையாது, கேட்டும் கிடையாது. அங்கே நான் கண்டுபிடித்த அடையாளம் ஒன்றுதான். முன்னால் நிற்கும் டிரெய்லரின் டிரைவரைப் பாருங்கள். அவர் கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கி, இரும்புக் கம்பியால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே நடக்கிறார் என்றால் குறைந்தது 10 நிமிடம். ஸ்டீயரிங் மேல் கையை வைத்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் வரிசை நகரப் போகிறது. துறைமுக கேட் நிலவரம் அவர்களுக்குப் போனில் வந்துவிடும், நமக்கு வராது.

இன்ஜினை அணைத்தபின் சாவியை ஆன் நிலையில் வைத்து ப்ளோயரை ஒன்றில் ஓடவிடுங்கள். காயிலில் மிஞ்சியிருக்கும் குளிர் இரண்டு மூன்று நிமிடம் தாங்கும். அதற்குமேல் புழுங்கினால் கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம், அல்லது ஐந்து நிமிடம் இன்ஜினைப் போட்டுக்கொள்ளலாம். பேட்டரி பழசாக இருந்தால் ப்ளோயரையும் ரொம்ப நேரம் ஓட்ட வேண்டாம். நின்றால் இன்ஜின் தானே அணையும் வசதி உள்ள வண்டிகளில், ஏசி பலமாக ஓடிக்கொண்டிருந்தால் அது அணையாது, அல்லது அணைந்த வேகத்தில் திரும்ப எழும். ப்ளோயரைக் குறைத்து வைத்தால் ஒழுங்காக வேலை செய்யும்.

முன் வண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்காதீர்கள். லாரியின் சூட்டைத்தான் உங்கள் கண்டன்சர் இழுக்கும். அப்புறம், மேம்பாலச் சரிவில் வண்டி உருளும்போது இன்ஜினை அணைப்பது மட்டும் வேண்டாம். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல் மாதிரி இறுகிவிடும்.

நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய மிச்சம் கிடையாது. அதே வேலையாக காலை ஏழரைக்குள் கிளம்பினால் ஏசிக்கு வெயிலும் குறைவு, சாலையில் நிற்பதும் குறைவு. மத்தியான வேலையைக் கடற்காற்று உள்ளே வந்தபின் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த வசதி எங்கே, அது எனக்கும் தெரியும்.

படி 6: கண்ணாடியை இறக்குவதா, ஏசியா?

மெதுவாகப் போகும்போது கண்ணாடியை இறக்கினால் மிச்சம். 80ஐத் தாண்டினால் உள்ளே புகும் காற்று வண்டியைப் பின்னால் இழுக்கும், அப்போது ஏசியே பரவாயில்லை. எனவே மீஞ்சூர் வண்டலூர் வெளிவட்டச் சாலையில் ஏறிவிட்டால் ஏசியை நினைத்துக் கவலைப்படாதீர்கள். மாதவரம், பெரம்பூர் உள்தெருக்களில், மாலை ஆறு மணிக்கு மேல் காற்று வீசும்போது இறக்கிக்கொள்ளலாம்.

எண்ணூர், மணலி சாலைகளில் மட்டும் நான் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. லாரி கிளப்பும் தூசியில் கண்ணாடியை இறக்கி 10 ரூபாய் மிச்சம் பிடித்து, இருமல் மருந்துக்கு 100 ரூபாய் கொடுப்பானேன்?

படி 7: இறங்குவதற்கு 3 நிமிடம் முன்

வீடு நெருங்கும்போது ஏசி பட்டனை அணைத்துவிட்டு, வெளிக்காற்று முறைக்கு மாற்றி, ப்ளோயரை ஓடவிடுங்கள். மிச்சக் குளிர் வீணாகாது, காயிலில் நிற்கும் ஈரமும் காய்ந்துவிடும். ஈரத்தோடு அப்படியே அணைத்தால் பூஞ்சை பிடிக்கும். காலையில் ஏசி போட்டதும் வரும் ஈரச் சாக்கு வாடைக்குக் காரணம் அதுதான்.

பராமரிப்பு: கேஸ் ஏற்றும் முன் யோசியுங்கள்

எனக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. இரண்டு கோடைகள், தொடர்ந்து, ஏசி சரியாகக் குளிரவில்லை. இரண்டு முறையும் ஒரே பட்டறையில் “கேஸ் கம்மியாயிடுச்சு சார்” என்று சொல்லி, பணம் வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்டார்கள். ஒரு மாதம் சில்லென்று இருக்கும், அப்புறம் பழைய கதை. மூன்றாவது முறை, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்தில் ஏசி வேலை பார்க்கும் பாய் ஒருவரிடம் போனேன். அவர் மீட்டரைக்கூட எடுக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, முன் கிரில் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார்.

“இன்னா சார், ரெண்டு வருசமா கேஸ் ஏத்தினே கீறீங்களே, ஏத்துன கேஸு எங்க போவுதுன்னு யாருன்னா பாத்தாங்களா?”

விரலை உள்ளே விட்டு எடுத்தார். நகக்கண் வரை கறுப்பு மாவு, எண்ணெய்ப் பிசுக்கோடு. கண்டன்சரின் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் சாலைத் தூசி அடைத்துக்கொண்டிருந்தது. ஓர் ஓரத்தில் உப்புக் காற்று அரித்து வெள்ளையாகப் பூத்திருந்த இடத்தில் சோப்பு நுரையைத் தடவினார். சின்னச் சின்னதாகக் குமிழ் வந்தது. “இதான் சார் உங்க காசு போற வழி.”

கார் ஏசி மூடிய குழாய் அமைப்பு. அதற்குள் சுற்றிக் குளிர வைக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாவதில்லை. ஒவ்வொரு வருடமும் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகலைக் கண்டுபிடிக்காமல் டாப்-அப் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். சரியான வேலை என்றால் இந்த வரிசையில் இருக்கும்: முதலில் ஒழுகல் சோதனை, ஒழுகும் பாகத்தை மாற்றுவது, பிறகு பம்ப் வைத்து குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவது, கடைசியில் எடை போட்டு கேஸ் ஏற்றுவது. உங்கள் வண்டிக்கு எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். பல வண்டிகளுக்கு ஆர்-134ஏ. “கொஞ்சம் கூடவே போட்டுடறேன் சார்” என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கூடினாலும் குளிர் குறையும், கம்ப்ரசர் திணறும்.

கண்டன்சரை மாதம் ஒருமுறை வீட்டுக் குழாய்த் தண்ணீரால் மெதுவாகக் கழுவினால் போதும். சர்வீஸ் நிலையத்து ஜெட் பம்பை நேராகப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும், மடங்கினால் காற்று போகாது. கடலோரத்தில் குடியிருப்பவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது.

கேபின் ஃபில்டர் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பல வண்டிகளில் ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம், இரண்டு பக்கமும் அழுத்தினால் க்ளவ் பாக்ஸ் கழன்று தொங்கும். புத்தகத்தில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் வரை நம் பக்கத்தில் அது தாங்காது. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எடுத்துத் தட்டிப் பாருங்கள். அது அடைத்தால் ப்ளோயரை 4ல் வைத்தாலும் 2 அளவுக்குத்தான் காற்று வரும்.

கோளாறு எங்கே என்று ஓரளவு வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஓடும்போது நன்றாகக் குளிர்ந்து, சிக்னலில் நின்றால் குளிர் போய்விடுகிறதா? கண்டன்சர் அழுக்கு அல்லது முன் ஃபேன் கோளாறு, கேஸைத் தொட வேண்டாம். காற்றே பலமாக வரவில்லையா? ஃபில்டர். காற்று பலமாக வந்தும் எப்போதுமே குளிரவில்லையா? அப்போதுதான் கேஸ், கம்ப்ரசர் பக்கம் சந்தேகப்பட வேண்டும். ஏசி போட்டதும் கிறீச்சென்ற சத்தம் என்றால் பெல்ட்.

மழைக்காலத்தில்

ஐப்பசி, கார்த்திகை மழையில் மிச்சம் பிடிக்க ஏசியை அணைக்காதீர்கள். முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தால், ஈரத்தைப் பிழிந்தெடுக்க ஏசிதான் வேண்டும். வெளிக்காற்று முறை, காற்று முன் கண்ணாடிக்கு. சிவப்புப் பக்கம் கொஞ்சம் திருப்பினால் இன்னும் சீக்கிரம் தெளியும், இந்த ஒரு சமயத்தில் அந்தக் குமிழ் பிரயோஜனம். ஆவி வெளிப்பக்கம் படிந்தால் கண்ணாடி அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். வைப்பரை ஒருமுறை போட்டு, வென்ட்டைக் கண்ணாடியிலிருந்து திருப்புங்கள்.

சிஎன்ஜி வண்டிக்கும் இதே கணக்குதான், ஏசி போட்டால் இழுவை குறைவது மட்டும் கூடுதலாகத் தெரியும். மின்சாரக் காரில் ஏசி பேட்டரியைத் தின்னும். சார்ஜரில் இருக்கும்போதே உள்ளே குளிர வைத்துக்கொண்டு கிளம்பினால் ஓடும் தூரம் அவ்வளவாகக் குறையாது.

இரண்டு விஷயம் மிச்சத்தைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது

சவாரிக்கு நடுவில், மூடிய காரில் ஏசியை ஓடவிட்டுத் தூங்கும் டிரைவர்களை மருத்துவமனை வாசல்களில் நிறையப் பார்க்கிறேன். புகைக்குழாயில் ஒழுகல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மூடிய ஷெட்டுக்குள் அது இன்னும் ஆபத்து. தூங்குவதாக இருந்தால் இன்ஜினை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, நிழலில்.

குழந்தைகளைக் காருக்குள் விட்டுவிட்டு “ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்” என்று கடைக்குள் போகாதீர்கள். மேலே சொன்ன 22 டிகிரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எழுதிப் பாருங்கள்

வண்டியின் மீட்டர் காட்டும் மைலேஜை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே பங்க், ஒரே பம்ப். முதல் முறை தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்புங்கள், “ரவுண்டா போட்டுடட்டுமா சார்” என்று கேட்டால் வேண்டாம். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். இரண்டு வாரம் பழைய மாதிரியே ஓட்டிவிட்டு, அதே பம்பில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுத்து எழுதுங்கள். அடுத்த இரண்டு வாரம் மேலே சொன்ன மாதிரி ஓட்டிவிட்டு மறுபடி. டயர் காற்று இரண்டு முறையும் ஒரே அளவில் இருக்கட்டும். என் பழைய வண்டியில் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் கூடியது. கண்டன்சர் மாற்றியபின் எடுத்த கணக்கு அது.

கத்திரியில் எடுத்த எண்ணையும் மார்கழியில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். பள்ளிக்கூடம் லீவு விட்ட வாரத்தையும் திறந்த வாரத்தையும் ஒப்பிட்டாலும் அதே தப்புதான். லீவில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையே வேறு சாலை மாதிரி இருக்கும்.